பின்னேரங்களில் காணாமல் போன கோமாரி

"சாச்சி, கோமாரி போயிட்டு!"

டெலிபோனைக் காதில் வைத்த உடனே இப்படித்தான் கேட்டது. கோமாரி என்பது பொத்துவிலுக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கிற ஊர். சுனாமி ஏறிய கரையில் குடியிருக்கிறவர்களுக்கு, ஒரு ஊர் போய்விட்டது என்று கேட்டால் வேறு என்ன நினைப்பு வரும்? வாசலுக்கு ஓடிக் கடலைப் பார்த்தேன். கடல் அதன் பாட்டில் கிடந்தது.

"என்ன புள்ள கதைக்கிறாய்? கடல் வந்திட்டா?"

"இல்ல சாச்சி, ஊருக்கு ஒண்டுமில்ல. கோமாரி ராடார்ட படம் போயிட்டு. என்ட ஸ்கிரீன்ல இல்ல. பெட்டியில லைட்டப் பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். மூன்று லைட்டும் பச்சை. அப்படியே சொன்னேன். நான் சொன்னது உண்மை. அந்த உண்மையால், கொழும்பிலிருந்து பேசிய அந்தப் பிள்ளைக்கு என்ன வந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன். இப்படி ராடார் கோபுரத்தடி அறைகளைப் பார்த்துக்கொள்ளப் புதிதாக வருகிறவர்களுக்கு வாசிக்கக் கொடுக்க வேண்டும், நடந்ததை நடந்தபடி எழுதித் தாருங்கள் என்று எங்கள் எஞ்சினியர் சிவராசா சேர் கேட்டார். வாயால் சொல்வதைவிட எழுதுவது எனக்குச் சுகம். எழுதும்போது முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

1. தலைமயிர் அளவு கண்ணாடி

என் வீடு மருதமுனையில், பெரியநீலாவணைப் பக்கம் போகிற கடற்கரை ஒழுங்கையில் இருக்கிறது. வீட்டிலிருந்து நாலு வளவு தள்ளி ஒரு இரும்புக் கோபுரம் எழுப்பி, உச்சியில் ராடார் வைத்தார்கள். கோபுரத்தின் காலடியில் ஒரு சீமெந்து அறை. அறையைத் திறந்து பூட்ட, கூட்டித் துடைக்க, டெலிபோன் வந்தால் எடுக்க ஒரு ஆள் வேண்டும் என்று கொம்பனிக்காரர் கேட்டபோது, பக்கத்து வளவுக்காரர் என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டார். அப்போது எனக்கு வயது ஐம்பத்தேழு. புருஷன் மௌத்தாகிவிட்டார். மகள் கல்யாணம் கட்டிப்போய்விட்டாள். நான் வீட்டில் தையல் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பிற ஆண்களுக்கு முன்னால் கதைத்துப் பழக்கமில்லை.

முதல் நாள் சிவராசா சேர் வந்து அறையைக் காட்டினார். மட்டக்களப்பு ஆள். நான் கதவுக்கு வெளியே நின்று தலையை மட்டும் உள்ளே நீட்டினேன்.

"உள்ளுக்கு வாங்கம்மா. வாசல்ல நிண்டா என்ன விளங்கும்? பெட்டி கடிக்காது."

உள்ளே மேற்குச் சுவரோடு ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு ரெக், தட்டு வைத்த அலுமாரி மாதிரி. அதில் கறுப்புப் பெட்டி ஒன்று. முன்பக்கத்தில் மூன்று லைட், பக்கத்தில் சல்லடை மாதிரி ஓட்டைகள். அதன் பெயர் மக்ஸ் என்றார். பிறகு பொலித்தீன் பையில் இருந்து எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தால் தலைமயிர் அளவில் ஒரு இழை.

"கண்ணாடியம்மா. இதுக்குப் பேர் பைபர். எங்களுக்கு மூண்டு ராடார் இருக்கு. ஒண்டு இந்தக் கோபுரத்தில, ஒண்டு கோமாரியில, ஒண்டு நடுவில. மூண்டும் பாக்கிற படம் இந்தப் பெட்டிக்கு வரும். இங்கயிருந்து ஒரே ஒரு இழையில கொழும்புக்குப் போகும். ஓப்பறேட்டர்மார் அங்க கதிரையில இருந்துகொண்டு எங்கட கடலப் பாப்பாங்க."

மூன்று படம் ஒரு மயிரிழையில் போனால் ஒன்றோடொன்று முட்டாதா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்து அவரே சொன்னார்.

"ஒவ்வொரு ராடாருக்கும் ஒவ்வொரு நிற வெளிச்சம். மூண்டு நிறமும் ஒண்டாத்தான் போகும். அங்கால முனையில ஒரு கண்ணாடி நிறம் பாத்துப் பிரிச்சு மூண்டு ஸ்கிரீனுக்கும் அனுப்பும். ஆனா இழையிட முனையக் கண்ணுக்கு நேர பிடிச்சிராதீங்க. அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, ஆனா கண்ணக் கெடுத்துரும்."

கண்ணுக்கே தெரியாத வெளிச்சத்துக்கு நிறம் எங்கிருந்து வந்தது? அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னும்போதும் இதே யோசனைதான். அல்லாஹ் படைத்ததில் நாம் காணாத நிறமும் இருக்கிறதா என்று மேலெல்லாம் சிலிர்த்தது. சேரிடம் கேட்டிருக்கலாம். வெட்கம் விடவில்லை.

போகும்போது அவர் மூன்று விஷயம் சொன்னார். கதவைத் திறந்து போடக் கூடாது. ஏசியை நிறுத்தக் கூடாது. மூன்றாவதை இரண்டு தரம் சொன்னார்: "தூசிதான் இதுக்கு எதிரி. தூசி படக் கூடாதம்மா, தூசி மட்டும் படவே கூடாது."

2. கொழும்பிலிருந்து ஒரு குரல்

காலை ஒன்பது மணிக்கும் பின்னேரம் நாலு மணிக்கும் கொழும்பிலிருந்து அழைப்பு வரும். ஒவ்வொரு லைட்டும் ஒரு ராடாருக்கு உரியது. நான் லைட்டைப் பார்த்து "மூண்டும் பச்சை" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். முதல் மாதம் அந்த இரண்டு சொல்லைச் சொல்லி முடித்து டெலிபோனை வைக்கும்போது கை வேர்த்துவிடும்.

அழைப்பது பெரும்பாலும் ஜெஸீமா என்ற பிள்ளைதான். அக்கரைப்பற்றுப் பிள்ளை, முப்பது வயது இருக்கும். கொழும்பில் ராடார் ஓப்பறேட்டர் வேலை.

ஒரு நாள் சிரித்துக்கொண்டே கேட்டாள். "ராத்தா, மூண்டு பச்சை எண்டு சொல்லி டக்கெண்டு வைக்கிறீங்களே, நான் என்ன கடன்காரியா? ஒரு சலாமாவது சொல்லுங்களன்."

எனக்கு முகம் சுட்டது. சலாம் சொன்னேன்.

"ஆ, இப்ப நல்லாரிக்கி. உங்கட குரல் எங்கட உம்மாட தங்கச்சி, சாச்சிட குரல் மாதிரி. இனி நான் உங்களச் சாச்சி எண்டுதான் கூப்பிடுவன், கோவிக்காதீங்க."

அதற்குப் பிறகு அவளோடு மட்டும் எனக்குக் கதை வந்தது. முகம் தெரியாதவளாக இருந்ததால் வந்திருக்கலாம். ஒரு நாள் காலையில், "சாச்சி, உங்கட கோபுரத்துக்கு நேர இப்ப ஒரு மிஷின் போட் போகுது, பாருங்க" என்றாள். நான் வெளியே வந்து கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தேன். கடல்தான் தெரிந்தது, போட் இல்லை.

"எனக்குத் தெரியல்ல புள்ள."

"உங்களுக்குத் தெரியாது. கரையில இருந்து பதினஞ்சு மைல்."

கடற்கரையில் பிறந்து கடற்கரையில் நரைத்தவள் நான். நான் காணாத போட்டைக் கொழும்பில் மூடின அறைக்குள் இருக்கிற பிள்ளை காண்கிறாள். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. கறுப்புப் பெட்டியைத் துடைக்கும்போது கூட, உள்ளே யாரோ இருக்கிற மாதிரி மெதுவாகத் துடைத்தேன்.

3. கச்சான் காலம்

கச்சான் காற்று தொடங்கினால் எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்பது இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். மேற்கேயிருந்து சூடாக அடிக்கும். பகலில் வெளியே போனால் பல்லுக்கிடையில் மண் கடிபடும். கதவைப் பூட்டி வைத்தாலும் அறைக்குள் பொடி மண் வந்துவிடும். சேர் இரண்டு தரம் சொன்ன சொல் காதுக்குள்ளேயே நின்றது. யன்னல் இடுக்கில் ஈரச் சீலை திணித்தேன். வாசலில் நனைத்த சாக்கு விரித்தேன். ஒரு நாளைக்கு மூன்று தரம் துடைத்தேன். பெட்டிக்கும் ஒரு உறை தைத்துப் போட்டேன்.

எங்கள் வீடுகளில் டீவிக்கு உறை, பிரிஜ்ஜுக்கு உறை, தையல் மிஷினுக்கு உறை. உறை இல்லாத சாமானைப் பார்த்தால், முக்காடு விழுந்த தலையோடு ஒரு பொம்பிளை முற்றத்தில் நிற்கிற மாதிரி எனக்கு இருக்கும். அடுத்த வளவில் கைத்தறி போடுகிறார்கள். அவர்களிடம் தடித்த துண்டு ஒன்று வாங்கி, உள்ளே இரட்டை மடிப்பு வைத்து, ஓரத்துக்குக் கரை பிடித்துத் தைத்தேன். லைட்டைப் பார்க்க உறையைத் தூக்கவேண்டி வருமே என்று முன்பக்கத்தில் மூன்று துளை வெட்டி, சட்டைக்குப் பொத்தான் துளை கட்டுவது போல நூல் கட்டினேன். மாட்டிப் பார்த்தேன். மூன்று துளையிலும் மூன்று பச்சை. அழகாக இருந்தது.

அந்த வாரம்தான் முதலில் சொன்ன அழைப்பு வந்தது. அன்று பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு கோமாரி படம் தானாக வந்துவிட்டது. மறுநாள் பகல் இரண்டரைக்கு மறுபடியும் போனது. வெயில் தாழ வந்தது. வெயில் மந்தமான நாட்களில் போகவே இல்லை. மற்ற இரண்டு ராடாருக்கும் ஒரு குறையும் இல்லை. கோமாரி மட்டும் பின்னேரங்களில் காணாமல் போனது.

ஒவ்வொரு தரமும் ஜெஸீமா கேட்பாள். நான் மூன்றும் பச்சை என்பேன். மூன்றும் பச்சையாகத்தான் இருந்தது.

சிவராசா சேர் இரண்டு தரம் வந்தார். வருகிற நாளுக்கு முதல் நாள் அழைத்துச் சொல்வார். நான் காலையிலேயே உறையைக் கழற்றி, மடித்து, வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவேன். அவர் வேலை செய்ய இடைஞ்சலாக இருக்கக் கூடாது. என் தையலை ஒரு பெரிய எஞ்சினியர் பார்ப்பதும் எனக்கு வெட்கம். அவர் சின்ன மீற்றர் ஒன்றைச் செருகிச் செருகிப் பார்த்தார். பின்னேரம் வரை இருந்தும் பார்த்தார். கோமாரி போகவே இல்லை.

"எல்லாம் சுத்தமா இருக்கம்மா. பைபரும் நல்லம், பெட்டியும் நல்லம். நீங்க தினம் பாக்கிறீங்கதானே, லைட் எப்பயாவது சிவந்ததா?"

"இல்ல சேர். மூண்டும் பச்சைதான்."

"அப்ப பிழை இங்க இல்ல."

அவர் போனதும் உறையைக் கொண்டுவந்து பழையபடி மாட்டினேன்.

இதற்குப் பிறகு ஒரு வாரம் ஜெஸீமாவின் குரலில் சிரிப்பு இல்லை. நான்தான் கேட்டேன், என்ன புள்ள சுகமில்லையா என்று.

"எனக்குக் கடிதம் தந்திருக்காங்க சாச்சி. கோமாரிப் படத்த நான்தான் பிழையா மூடிப் போடுறனாம், பிறகு படம் போயிட்டு எண்டு கத்துறனாம். அங்க லைட் எல்லாம் பச்சை எண்டு நீங்களே சொல்றீங்கதானே. இன்னொரு தரம் இப்பிடி நடந்தா வேலையிலிருந்து நிப்பாட்டுறதாம்."

"நான் கண்டத்தானே சொன்ன புள்ள?"

"ஓம் சாச்சி. உங்களில பிழையில்ல. நீங்க பொய் சொல்ற ஆளில்ல எண்டு எல்லாருக்கும் தெரியும். அதுதான் என்ட பிரச்சினை."

4. துணிக்கு மேலா, கீழா?

அன்று வெயில் கடுமை. அறையிலேயே பகல் தொழுகை லுஹரைத் தொழுது பாயைச் சுருட்டும்போது டெலிபோன் அடித்தது.

"சாச்சி, வைச்சிராதீங்க. லைன்லயே நில்லுங்க. கோமாரி போயிட்டு."

பின்னால் வேறு டெலிபோன்கள் அடிக்கிற சத்தம். விஷயத்தை அரை குறையாகச் சொன்னாள். சாய்ந்தமருது மிஷின் போட் ஒன்று, ஐந்து பேர். கோமாரிக்கு நேரே வெளிக்கடலில் இயந்திரம் நின்றுபோய் நீரோட்டத்தில் இழுபட்டுப் போகிறது. அவர்களோடு தொடர்பு அறுந்துவிட்டது. கோமாரிக் கரையிலிருந்து இன்னொரு போட் உதவிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் போட்டுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் இவள். இவள் ஸ்கிரீனில் இரண்டு பொட்டும் தெரிந்தன. இப்போது இரண்டும் இல்லை. கடலும் இல்லை. வெறும் கறுப்பு.

"லைட்?"

"மூண்டும் பச்சை புள்ள." இதைச் சொல்லும்போது எனக்கே நாக்கு கூசியது.

"சரி சாச்சி. லைட்ட விடுங்க. நான் சொல்றதச் செய்யுங்க. ஏசி ஓடுதா?"

"ஓடுது. குளிரா இரிக்கி."

"பெட்டியில கைய வெச்சுப் பாருங்க. சூடா இரிக்கா?"

"துணிக்கு மேலால வைக்கவா, துணிய உயத்திப்போட்டு வைக்கவா?"

உறையின் கரையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"என்ன துணி சாச்சி?"

"உறைதான் புள்ள. தூசி படாம நான் தெச்சுப் போட்டது."

"பெட்டிக்கா? மக்ஸ் பெட்டிக்கா? எப்ப?"

"கச்சான் தொடங்கினதோட."

"யா அல்லாஹ்... சாச்சி, கழட்டுங்க. கழட்டி அங்கால வீசுங்க!"

இழுத்தேன். உறைக்குள்ளிருந்து சோற்றுப் பானையின் மூடியைத் திறந்தது போல முகத்தில் அடித்தது. பெட்டியைத் தொட்டேன், கையைப் பறித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த சல்லடை ஓட்டைகள் அதன் மூக்கு என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஐந்து வாரமாக அதை மூச்சுவிடாமல் பொத்தி வைத்திருக்கிறேன்.

"தண்ணி கிண்ணி ஊத்திப் போடாதீங்க சாச்சி! சும்மா விசிறுங்க, அது தானா ஆறும்."

கிடந்த மட்டைப் பெட்டியைக் கிழித்து விசிறினேன். டெலிபோன் மேசையில் திறந்தபடி கிடந்தது. அதற்குள்ளிருந்து அவள் உதவிப் போட்காரரை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டுக் கதைப்பது கேட்டது. "நானா, கடைசியாக் கண்ட இடம் அதுதான்... ஓம், வெளியாலதான் இழுக்கும்... கொஞ்சம் பொறுங்க, நானா, கொஞ்சம் பொறுங்க, எனக்கு இப்ப கண் தெரியல்ல." கண் தெரியவில்லை என்று அவள் சொன்னது என் நெஞ்சில் குத்தியது. அந்தக் கண்ணைக் கட்டியவள் நான். ஐந்து ஆண்கள் கடலில் நிற்க, நான் கரை பிடித்து, நூல் கட்டி, அழகு பார்த்திருக்கிறேன். ஓதத் தெரிந்த அத்தனையும் ஓதினேன். கை விசிறிக்கொண்டே இருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கால் மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும்.

"வந்திட்டு! சாச்சி, கோமாரி வந்திட்டு!"

போட் முதலில் நின்ற இடத்தில் இல்லை. வெகுதூரம் வெளியே போயிருந்தது. உதவிப் போட் அதற்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருந்தது. அவள் திருப்பிவிட்டாள். அசருக்குக் கொஞ்சம் முன், கயிறு கட்டி இழுக்கிறார்கள், ஐந்து பேருக்கும் உயிர் இருக்கிறது என்று சொன்னாள். நான் சீமெந்துத் தரையில் அப்படியே குந்திவிட்டேன்.

5. விசாரணை

அன்று பொழுதுபட, மஃரிப் தொழுகைக்கு முதல் ஜெஸீமா தன் சொந்த டெலிபோனிலிருந்து எடுத்தாள்.

"சாச்சி, நல்லாக் கேளுங்க. புதன்கிழமை விசாரிக்க வாறாங்க, சிவராசா சேரும் கொழும்பு மனேஜரும். உறை விஷயத்த நீங்க சொல்லத் தேவல்ல. சொன்னா உங்கள நிப்பாட்டிப் போடுவாங்க."

"நீ?"

"எனக்குப் படிப்பிரிக்கி. வேற வேல தேடுவன்."

"உனக்கு எப்பிடிப் புள்ள வேற வேல தருவாங்க? அஞ்சு பேரக் கடல்ல விடப் பாத்தவ எண்டு எழுதி அனுப்புவாங்களே."

அவள் அதை விட்டுவிட்டு, "சும்மா உங்களக் கோர்ட்டுக்கு ஏத்தின மாதிரி அந்தப் பெரிய ஆக்களுக்கு முன்னால நிக்க வைக்க எனக்கு மனமில்ல சாச்சி" என்றாள். வைத்துவிட்டாள்.

என் வாழ்க்கையில் எனக்குப் பெரிய ஆச்சரியம் தந்தது எது என்று கேட்டால், கண்ணாடி மயிர் இல்லை, காணாத நிறமும் இல்லை. முகம் தெரியாத ஒரு பிள்ளை, என் வெட்கத்தைக் காப்பாற்றத் தன் வேலையைக் கொடுக்க நினைத்தாளே, அதுதான்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு வந்தார்கள். மனேஜர் சிங்களத்தில் கேட்பார், சேர் தமிழில் சொல்வார். மேசையில் டெலிபோனை வைத்து, ஸ்பீக்கரில் ஜெஸீமாவையும் கேட்க வைத்தார்கள். சேர் மீற்றரை மாட்டினார். எல்லாம் நல்லம். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். சொல்ல வேண்டிய வசனத்தை இரண்டு நாளாக மனதில் பாடமாக்கி வைத்திருந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை.

மனேஜர் புத்தகத்தை மூடினார். சேர் தமிழில் டெலிபோனுக்குச் சொன்னார். "ஜெஸீமா, இங்க ஒரு குறையும் இல்ல. சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?"

"இல்ல சேர்."

அவள் "இல்ல" என்றதும் என் கால் தானாக நடந்தது. நான் கொண்டுவந்திருந்த பையிலிருந்து உறையை எடுத்தேன். அவர்களைத் தாண்டிப் போய் பெட்டிக்கு மாட்டினேன். மூன்று துளையையும் மூன்று லைட்டுக்கு நேரே இழுத்து விட்டேன். கரையை நேராக்கினேன். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"இத இப்பிடியே விட்டுட்டுச் சாப்பிட்டு வாங்க சேர். ரெண்டரைக்குப் பாப்பம்."

சேர் உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப உறையைப் பார்த்தார். மனேஜர் என்னவோ கேட்டார். டெலிபோனுக்குள்ளிருந்து ஜெஸீமா, "சாச்சி, ஏன் சாச்சி..." என்றாள்.

அவர்கள் சாப்பிடப் போகவில்லை. கதிரையில் அப்படியே இருந்தார்கள். கோமாரிக் கடலில் அந்த நேரம் ஆபத்தில் போட் ஏதும் இல்லை என்று கேட்டு நிச்சயம் செய்துகொண்டார்கள். நான் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். யாரும் குடிக்கவில்லை. இரண்டேகால் ஆனது. வெயில் மேற்குச் சுவரில் ஏறியது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மூன்று துளையிலும் மூன்று பச்சை.

"போயிட்டு சேர்" என்றாள் ஜெஸீமா. "கோமாரி போயிட்டு."

சேர் எழும்பி உறைக்குக் கீழே கையை விட்டார். டக்கென்று இழுத்துக்கொண்டார்.

பிறகு அவர் விளங்கப்படுத்தினார். பின்னேர வெயில் பின்னாலுள்ள சுவரைச் சுட, உறைக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் நின்றுவிடுகிறது. பெட்டிக்குள் ஒவ்வொரு ராடாருக்கும் ஒரு லேசர் இருக்கிறது. சூடு ஏறினால் லேசரின் நிறம் ஒரு துளி மாறிவிடும். அங்கால் முனையில் நிறம் பிரிக்கிற கண்ணாடிக்கு அந்த மாறின நிறத்தை அடையாளம் தெரியாது, வாசலுக்கு வெளியே விட்டுவிடும். கோமாரியின் லேசர் மேல் தட்டில் இருக்கிறது. சூடு மேலேதான் கூடும், அதனால் அது முதலில் போகிறது. நான் பார்க்கிற பச்சை லைட், ராடாரிலிருந்து படம் பெட்டிக்குள் வந்துவிட்டது என்று மட்டும்தான் சொல்லும். பெட்டியிலிருந்து போகிறது சரியா என்று அது சொல்லாது.

மனேஜர் ஒரு கேள்வி கேட்டார். சேரின் முகம் கறுத்துவிட்டது. பெட்டி சூடானால் கொழும்புக்கு அறிவிக்கிற அலாரம் ஒன்று பெட்டியிலேயே இருக்கிறதாம். அதன் வயரை இன்னும் இணைக்கவில்லை. அது சேர் செய்ய வேண்டிய வேலை.

"அம்மா மட்டும் இல்ல" என்று அவர் தமிழில் மெதுவாகச் சொன்னார். "நானும்தான்."

ஜெஸீமாவுக்குக் கொடுத்த கடிதத்தைத் திருப்பி எடுத்துவிட்டார்கள். எனக்கு ஒன்று வந்தது, சேருக்கு ஒன்று வந்தது. என் பெயருக்கு வந்த முதல் ஆங்கிலக் கடிதம் அது. என்ன எழுதியிருக்கிறது என்று மகள் வாசித்துச் சொன்னாள். ஒரு மாதம் சாவி என்னிடம் இல்லை. பிறகு சேரே கொண்டுவந்து தந்தார். அலாரம் வயர் இணைத்தாயிற்று என்றும் சொன்னார்.

உங்களுக்குச் சொல்ல இருப்பது இதுதான். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஐந்து வாரமும் கண்டதைத்தான் சொன்னேன். அப்படி இருந்தும் இன்னொருவரின் மேல் பழியை ஏற்றினேன், ஐந்து பேரின் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னதால் வந்த வினை. நான் என்ன செய்தேன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தூசி படக் கூடாது என்று ஒருவர் சொன்னால், உறை போடலாமா என்று திரும்பக் கேளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் வேலை தொடங்கும் முன் செய்து காட்டுங்கள். நான் கடைசி நாளில் செய்ததை முதல் நாளிலேயே செய்திருக்கலாம்.

உங்களுக்குத் தருகிற தினப் புத்தகத்தில், லைட்டின் நிறம் எழுதுகிற இடத்துக்குக் கீழே புதிதாக ஒரு வரி இருக்கிறது. "இன்று அறையில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" ஜெஸீமா கேட்டுப் போடுவித்த வரி அது. கூட்டினால் கூட்டினேன் என்று எழுதுங்கள். ஒரு ஆணி அடித்தாலும் எழுதுங்கள். ஒன்றும் செய்யவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். கரையிலிருந்து எத்தனையோ மைலுக்கு அப்பால் போகிற போட்டை மறுமுனையில் இருக்கிறவள் காண்பாள். உங்கள் அறைக்குள் இருப்பதை நீங்கள் சொன்னால்தான் அவளுக்குத் தெரியும்.